பந்து அவரிடம் இல்லாத நேரம்

"ஆடறவனுக்கு சம்பளம் குடுப்பாங்க, சரி. பாப்பா, பாக்கறவளுக்கு எவன் குடுப்பான்?"

இதைக் கேட்டவர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி; கரும்பு வெட்டப் போகும் ஆட்களுக்கு மேஸ்திரி. எனக்கு வேலை கிடைத்த சேதியைச் சொல்ல ஊருக்குப் போயிருந்த அன்று, வாசலில் நின்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார். நான் விளக்கினேன். வெளிநாடுகளில் நடக்கும் கால்பந்து ஆட்டங்களின் வீடியோ எனக்கு வரும். பந்து யார் காலில் பட்டது, எங்கிருந்து அடித்தார், யாருக்குப் போனது, யார் பறித்தார் என்று ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டும். அந்தக் கணக்கை வாங்கிக்கொள்ளக் கிளப்புகள் இருக்கின்றன. சித்தப்பா முழுதும் கேட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏன் அண்ணி, காலேஜ் வரிக்கும் படிக்க வெச்சது இதுக்குத்தானா? டிவி பாக்கற வேல. நம்ம ஊர்ல வேலவெட்டி இல்லாதவன்லாம் அதத்தான பாத்துக்கினு கெடக்கறான்!"

அம்மா சிரித்துவிட்டாள். சித்தப்பா கேட்டதைவிட அவள் சிரித்ததுதான் எனக்குக் கோபம்.

என் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். காலேஜ் முடித்த முதல் ஆளும், மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. என் வேலையை ஒரு பீடி எரிந்து தீர்வதற்குள் வெட்டிவேலை ஆக்கிவிட்டாரே என்று அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

சென்ற மாதம் அந்தக் கேள்வி திரும்பவும் நினைவுக்கு வந்தது. கோவாவில் ஒரு பெண்கள் கால்பந்து அணி என்னை வேலைக்குக் கூப்பிட்டது. ஒரே ஒரு சீசன். அதற்கப்புறம் என்ன என்று கூப்பிட்டவர்களுக்கே தெரியாது. இங்கே இருப்பது நிரந்தர வேலை. போவதா, இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர் ஒரு போர்ச்சுகல்காரர். இப்படி ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது.

கள்ளக்குறிச்சியில் ஒரு மாவு மில்லின் மாடியில் என் அறை. எங்கள் ஊர் வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே போன் பேசவே தெருமுனைக்கு நடக்க வேண்டும். வீடியோ எங்கே வரும்? அதனால் இந்த அறை. பகலெல்லாம் கீழே மில் ஓடும். மிளகாய் அரைக்கிற நாளில் மாடிப்படி வரைக்கும் நெடி ஏறும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். ஆட்டம் ஒன்றரை மணி நேரம்தான். அதைக் குறித்து முடிக்கப் பகல் முழுவதும் போய்விடும். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டு, எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குறிப்பேன். சொன்னால்தான் தப்பு வராது.

ஒருநாள் மில்கார அக்கா கதவைத் தட்டினார். அறையை வாடகைக்கு விட்டவர் அவர்தான். உள்ளே வந்தவர் நாலு மூலையையும் பார்த்தார். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"யாருகூட பேசிக்கினு இருக்கற?"

"யாரும் இல்லக்கா. வேலை."

"இன்னா வேல? நானும் கீழ நின்னு கேட்டுக்கினுதான் இருக்கேன். ஏழுன்ற, ஒம்போதுன்ற, தப்பு தப்புன்ற. எவனையோ கூப்ட்டு வெச்சி சீட்டு ஆடறியோன்னு வந்தேன்."

நான் திரையைக் காட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு ஜெயிச்சா உனக்கு ஜாஸ்தி குடுப்பாங்க?"

"யார் ஜெயிச்சாலும் ஒரே சம்பளம்தான்க்கா."

"அப்புறம் எதுக்கு இந்தக் கத்து கத்தற?"

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அன்று நான் பேசிய ஒரே ஆள் அவர். பெரும்பாலான நாட்களில் அதுவும் இருக்காது. கூட வேலை பார்ப்பவர்கள் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். திரையின் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் இருக்கிறார், அணைந்தால் இல்லை. அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

வேலையில் சேர்ந்ததும் எனக்குக் கொடுத்தது போர்ச்சுகலின் இரண்டாம் டிவிஷன் ஆட்டங்கள். போர்ச்சுகல் என்றால் உலகத்துக்கே ஒரே ஒருவரைத்தான் தெரியும். ஊரில் யாரிடம் சொன்னாலும் "அவரயா பாக்கற?" என்று கண்ணை விரிப்பார்கள். இல்லை, நான் பார்ப்பது வேறு ஆள் என்றதும் பேச்சு மழைக்குப் போய்விடும். என் ஆளின் பெயரைப் போட்டு எந்தக் கடையிலும் பனியன் விற்பதில்லை. அவர் ஸ்ட்ரைக்கர், கோல் அடிப்பதற்கென்றே முன்னால் நிற்கிறவர். உயரமான உடம்பு, லேசாகக் கூன் போட்ட முதுகு, ஒரு கால் சாக்ஸ் மட்டும் எப்போதும் சரிந்தே இருக்கும். சின்ன வயதில் பெரிய கிளப் ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. பிறகு பெரிய அணியில் ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் வேறு ஊர் அணிக்கு இரவல் கொடுத்தது. அன்று கிளம்பியவர் பிறகு எங்கும் நிற்கவில்லை.

நான் பார்க்கத் தொடங்கிய அடுத்த சீசனில் சைப்ரஸுக்குப் போனார். பிறகு ருமேனியா. பிறகு ஈரான், மலேசியா. சில இடங்களில் ஒரு சீசன், சில இடங்களில் அதில் பாதி. அந்த நாட்டு ஆட்டங்களில் சில எனக்கே வேலையாக வந்தன. வராதவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மில் ஓடாது. கட்டடமே காலியாக இருக்கும்.

கிளப் மாறினால் முதுகிலிருக்கும் எண்ணும் மாறும். சைப்ரஸில் அவருடைய பழைய எண்ணான ஒன்பதை வேறொருவர் வைத்திருந்தார். இவருக்கு இருபத்தொன்பது கொடுத்தார்கள். பழக்க தோஷத்தில் நான் ஒன்பதையே குறித்துக்கொண்டு போனேன். மறுநாள் சென்னையிலிருந்து மேற்பார்வை பார்க்கிற அக்கா கூப்பிட்டார். "ஏம்மா, இந்த ஒன்பதாம் நம்பர் ஆட்டம் முழுக்க பெஞ்ச்ல உக்காந்திருக்கார். உக்காந்த எடத்துலேர்ந்தே கோல் போட்டார்னு குறிச்சிருக்கியே?" இருவரும் சிரித்தோம். திருத்திக் கொடுத்தேன். ஆனால் நான் எண்ணைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்க்கிறேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

எல்லா நாட்டிலும் அவருக்கு ஒன்றேதான் நடந்தது. புது அணியில் முதல் சில ஆட்டங்களுக்கு அவருக்குப் பந்தே வராது. கோலுக்கு எதிரே நல்ல இடத்தில் நிற்பார். கையை உயர்த்திக் கேட்பார். கூட ஆடுகிறவர் பார்த்துவிட்டு, தனக்குப் பழக்கமான வேறொருவருக்குத் தட்டிவிடுவார். இவர் கை இறங்கும். அடுத்த முறை மறுபடியும் ஏறும். மெல்ல மெல்லப் பந்து வரத் தொடங்கும், கோல் விழும், கட்டிப் பிடிப்பார்கள். அதற்குள் சீசன் முடிந்துவிடும். அடுத்த நாட்டில் மறுபடி கையை உயர்த்திக்கொண்டு நிற்பார். பாஸுக்கு ஒரு பட்டன், ஷாட்டுக்கு ஒன்று, தவறுக்கு ஒன்று என்று எங்கள் சாஃப்ட்வேரில் எல்லாவற்றுக்கும் பட்டன் உண்டு. கையை உயர்த்தியதற்குக் கிடையாது.

ஊருக்குப் போனபோது ஒருமுறை அப்பாவிடம் போனில் அவரைக் காட்டினேன். நெட் இல்லாததால் முன்பே இறக்கி வைத்திருந்தேன்.

"இப்ப எந்த ஊர்ல கீறாரு?"

"ருமேனியாப்பா. போன வருசம் சைப்ரஸு."

"அடுத்த வருசம்?"

"தெரியாது. எங்க கூப்புடறாங்களோ அங்க."

அப்பா தலையாட்டினார். "உத்தரவு வந்தா போய்த்தான் ஆவணும்."

எங்கள் பக்கத்தில் இது தினப்படி வார்த்தை. கரும்பாலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தால்தான் ஒரு வயலில் கத்தி வைக்க முடியும். இந்த வயல் முடிந்தால் அடுத்தது எந்த ஊர் என்று வெட்டுகிறவர்களுக்குத் தெரியாது. நான் பிறந்ததிலிருந்து அப்பாவும் அம்மாவும் சீசன் தோறும் சித்தப்பாவின் கேங்கோடு போனார்கள். தியாகதுருகம், நைனார்பாளையம், அதைத் தாண்டி நான் பார்க்காத ஊர்கள். வயலோரம் தார்ப்பாயில் கூடாரம். என்னைக் கூட்டிப் போயிருந்தால் நானும் கரும்புச் சோகை கட்டியிருப்பேன். கூட்டிப் போகாமல் ஹாஸ்டலில் விட்டார்கள். நான் படித்தது அப்படித்தான்.

கிளம்புவதற்கு முதல் நாளே அம்மா வீட்டைப் பெருக்கிவிடுவாள். ஆள் பயணம் போன பிறகு வீட்டைப் பெருக்கக் கூடாது; போகிற எங்கள் வீட்டில் பெருக்குவதற்கு யாரும் மிஞ்சவும் மாட்டார்கள். அதனால் முதல் நாளே சுத்தமாகப் பெருக்கி, பானைகளைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். துடைப்பம் வழக்கமில்லாத நேரத்தில் ஓடும் சத்தம் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு ஹாஸ்டல்.

பொங்கலுக்கு ஹாஸ்டலைப் பூட்டுவார்கள். மற்ற பிள்ளைகளைக் கூட்டிப் போக ஆள் வரும். பொங்கல்தான் கரும்பு வெட்டு உச்சத்தில் இருக்கும் காலம். எனக்கு யாரும் வர முடியாது. சமையல் செய்கிற அம்மா தன் வீட்டுக்குக் கூட்டிப் போவார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் வீட்டு வாசலில் சார்த்தி வைத்திருந்த கரும்பைப் பார்க்கும்போதெல்லாம், இதை யார் வெட்டியிருப்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

மலேசியாவுக்குப் பிறகு போர்ச்சுகல்காரரைக் காணவில்லை. எந்த அணியிலும் அவர் பெயர் இல்லை. வயதும் முப்பத்தைந்தை நெருங்கிவிட்டது. முடிந்தது என்றே நினைத்தேன். அடுத்த சீசன் தொடங்கிய பிறகு ஒருநாள் செய்தி பார்த்தேன். இந்தியாவுக்கு வருகிறார். அவர் சேர்ந்த அணிக்குச் சென்னையில் ஓர் ஆட்டம் இருந்தது.

டிக்கெட் எடுத்தேன். தனியாகத்தான் போனேன். கூட வர யாரைக் கூப்பிடுவது? சாயங்கால ஆட்டம்; முடிந்ததும் காலேஜ் தோழியின் அறையில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பக்கத்து இருக்கையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டுக்காரர் மைதானத்தைக் காட்டி மனைவியிடம், "அந்த உயரமான ஆளு போர்ச்சுகல்" என்றார். அந்த அம்மாள் ஆவலோடு எழுந்தே விட்டார். "அவரா?" "அவரு இல்லடி, இவரு வேற." அந்த அம்மாள் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியதும் எனக்கு ஒன்று பிடிபட்டது. டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து அந்தக் கோடியில் இருந்தால் இந்தக் கோடியில் நிற்பவர் திரையில் இருக்கவே மாட்டார். நான் இத்தனை வருடம் பார்த்தது பந்துக்குப் பக்கத்தில் இருந்த அவரை மட்டும்தான். பந்து இல்லாத அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவர் சும்மா நிற்கவே இல்லை. எங்கோ பந்து உருண்டுகொண்டிருக்க, அவர் இங்கே நாலு எட்டு வைத்து நின்று, பின்னால் நிற்கும் தடுப்பாளர் தன்னைப் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்து, மறுபடி நாலு எட்டு விலகினார். யாருக்கும் தேவைப்படாத நடை. அவருக்கு முன்னால் இருந்த புல்வெளியில் ஆளே இல்லை. குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டார். கை ஏறியது. பந்து வரவில்லை. கை இறங்கியது. அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவர் மொழி பேசுகிறவர் அந்த அணியில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

யாருகூட பேசிக்கினு இருக்கற என்று மில்கார அக்கா கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. கண் நிறைந்துவிட்டது. பக்கத்து அம்மாள் முறுக்கை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அன்று அவர் கோல் அடிக்கவில்லை. இரண்டாம் பாதியில் அவரை வெளியே எடுத்தார்கள். நான் இருந்த பக்கத்துக் கோட்டைத் தாண்டி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார். யாரும் கவனிக்கவில்லை. நான் எழுந்து கை தட்டினேன். அவர் தலையைத் தூக்கவில்லை. சரிந்த சாக்ஸோடு போய் உட்கார்ந்தார்.

மறுநாள் பஸ்ஸில் தியாகதுருகம் கோட்டை மலை கண்ணில் படும்போது எனக்குள் ஒரு யோசனை முழுசாக உருவாகியிருந்தது. பந்து இல்லாத நேரத்தையும் யாராவது பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலையில் இறங்கினேன். மைதானம் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரே இடத்தில் கேமராவை வைத்துப் பிடித்த பெண்கள் ஆட்டங்கள் இணையத்தில் கிடைத்தன. பெரிய கேமரா வைக்க வசதி இல்லாததால் அப்படி எடுத்தவை. கோவா அணி ஒன்றின் ஸ்ட்ரைக்கர், பந்து வராத நேரத்தில் எங்கெங்கே நகர்கிறாள், எத்தனையோ முறை தடுப்பாளர் இல்லாத இடத்தில் நின்றும் கூட ஆடுகிறவர்கள் ஏன் அவளைப் பார்ப்பதில்லை என்று ஒரு சின்ன வீடியோவாக வெட்டிச் சேர்த்து அந்த அணிக்கே அனுப்பினேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை. அந்த அணியின் பயிற்சியாளர், ஒரு பெண், அவரே போனில் கூப்பிட்டுவிட்டார். "எங்கள் பெண் கையைத் தூக்குவதை முதலில் பார்த்த ஆள் நீதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சீசன் முழுவதும் கூடவே இருந்து ஆட்டங்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க வேண்டியது வேலையைப் பற்றி இல்லை. அப்பாவுக்குத் தோள்பட்டை போய்விட்டது. இந்த வருடம் கரும்பு வெட்டப் போவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். நான் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, சீசன் நேரத்திலும் அவர்கள் வீட்டில் இருக்கப் போகிறார்கள். பொங்கலுக்கு நான் போனால் வீடு திறந்திருக்கும். இந்த வருடம் பார்த்துத்தான் எனக்கு உத்தரவு வந்திருக்கிறது.

அன்று இருவரும் மலை மேல் மரவள்ளிக் காட்டுக்குக் கூலிக்குப் போயிருந்தார்கள்; அம்மா கிழங்கு பிடுங்குவாள், அப்பா மண்ணைத் தட்டிக் குவிப்பார். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் ஏறினேன். வளைவுகளில் போனில் ஒவ்வொரு கோடாகக் குறைந்து கடைசியில் ஒன்றும் இல்லாமல் போனது. காட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்களைக் கூட்டி வந்திருந்த சித்தப்பாவும் இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அப்பா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"நாங்க ஊரு ஊரா மூட்டய தூக்கனது இன்னாத்துக்கு? நீ ஒரு எடத்துல ஒக்காரணும்னுதான?"

"ஒக்காந்துக்கினுதான்பா இருக்கேன். அந்த ரூம்ல ஒக்காந்தே இருக்கேன். பேச ஒரு ஆளு கெடயாது."

"அங்க போனா இருக்குதா? பாஷ தெரியாத ஊரு."

கொஞ்ச நாளைக்கு இருக்காது என்று எனக்குத் தெரியும்.

"மொதல்ல இருக்காதுப்பா," என்றேன். "அப்புறம் இருக்கும்."

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "எத்தினி மாசம்?"

"ஒரு சீசன்."

"அது முடிஞ்சா?"

"வேற எங்கன்னா கூப்ட்டா போணும். இல்லன்னா திரும்பி வரணும்."

"அடப்பாவி, இது நம்ம தொழிலாச்சே!" என்று அவர் சத்தமாகச் சிரித்தார். "பாக்கறவளுக்கு எவன் குடுப்பான்னு கேட்டன். இப்ப வந்து கூட்டினே போறான். அண்ணா, உன் பொண்ணுக்கு மேஸ்திரி நான் இல்ல, அவ்ளோதான்."

அப்பா சிரிக்கவில்லை. "பொங்கலுக்கு வருவியா?" என்று கேட்டார்.

"பொங்கல் அப்பதான்பா ஆட்டம் ஜாஸ்தி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெட்டு ஜாஸ்தி என்று அதே வார்த்தையை எந்த ஊரிலிருந்து, யாரிடம், எத்தனை வருடம் சொல்லியிருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்.

அம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ரூமப் பெருக்கிட்டியா?"

"நேத்தே பெருக்கிட்டேன்மா."

சொன்ன பிறகுதான், நான் அவர்களிடம் கேட்பதற்காக மலை ஏறவில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. சாவியைக் காலையிலேயே மில்கார அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். என் பை கீழே மில்லில், எடை போடுகிற தராசுக்குப் பக்கத்தில், கட்டி வைத்தபடி இருந்தது.